களைத்துப்போகும் திருடன்

அத்தியாயம் 9

இசக்கியம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. கையிலிருந்த செம்புக் கம்பி வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மின்வாரியத்தின் திருட்டுத் தடுப்புப் படையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். மீட்டருக்குள் காந்தம் வைத்தவனையும் பிடித்திருக்கிறார், கோயில் விளக்கில் கொக்கி போட்டுக் கல்யாணம் நடத்தியவனையும் பிடித்திருக்கிறார். ஆனால் இவ்வளவு மட்டமாகக் கரண்ட் திருடிய ஒரு ஆளை இதுவரை பார்த்ததில்லை.

“சகாயம், இந்த முடிச்சைப் பாரு.”

சகாயம் குனிந்து பார்த்தான். ஓய்வு பெற்றதும் குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீஸின் மாடியில் இசக்கியம்மா துப்பறியும் நிலையம் திறந்தபோது, ஜீப் டிரைவராக வந்து சேர்ந்தவன். ஜீப் ஓடாத நாட்களில் உதவியாளன். ஜீப் பெரும்பாலும் ஓடாது.

“பூ கட்டற மாதிரி கட்டியிருக்காங்க மேடம். ரெண்டு முழம் மல்லி சுத்துனா சாமிக்கே போடலாம்.”

அவர்கள் நின்றுகொண்டிருந்தது தேவர்சோலையைத் தாண்டி, அரணிக்கொல்லி எஸ்டேட் தொழிற்சாலையின் மேல்மாடியில். பறித்த கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பிக் காற்றடித்து வாட வைக்கிற இடம் அது. மாடியின் ஒரு மூலையைப் பலகைச் சுவரால் அடைத்துத் தடுத்திருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் மேல் நெருக்கி நெருக்கிச் சுற்றிய செம்புக் கம்பி, தலையில் கிரீடம் போல ஒரு அலுமினிய வளையம். அதிலிருந்து இருபதடி தள்ளி ஒரு பலகையில் ஆறு பல்புகள் வரிசையாக நின்றன. பல்புகளுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு நூல்கூட இல்லை.

இதைக் கட்டியவர் சண்முகசுந்தரம். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் மின்பிரிவு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். காதில் மஃப்ளர், சட்டைப் பையில் மூன்று கலர் பேனா. கம்பியே இல்லாமல் காற்று வழியாக மின்சாரம் அனுப்பி விளக்கெரிக்கிற சுருள் இது என்று காலையிலேயே அவர் விளக்கிவிட்டார். சுருளும் பல்பும் ஒரே அதிர்வில் நின்றால் இது ஊட்டுகிறதை அது வாங்கிக்கொள்ளும், வழியில் வேறு எதுவும், ஒரு செம்பு வளையம்கூட, வாய் வைக்காத வரைக்கும்.

வாய் வைக்கிற திருடனைப் பிடிக்கத்தான் இவர்களை வரவழைத்திருந்தார்.

இந்த வேடிக்கை எதற்கு என்று யாராவது கேட்டால் ஜன்னலைத்தான் காட்ட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் பாதை. இருட்டினால் அது யானைகளின் பாதை. அந்தப் பட்டை நிலம் கோர்ட்டில் கிடக்கிறது. தீர்ப்பு வரும்வரை அதன் மேல் ஒரு கம்பி இழுக்கக் கூடாது. சோலார் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். மூடுபனியும் மழையும் சேர்ந்து ஆடி மாதத்தில் அதைக் கொன்றுபோட்டன. அதே வாரம் வேலன் என்ற தொழிலாளியை அந்தப் பாதையில் யானை அடித்தது. கம்பியும் வேண்டாம், சூரியனும் வேண்டாம் என்று சண்முகசுந்தரம் யோசிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சில்வர் ஓக் மரங்களில் மாட்டுவதற்காக இருபத்து நாலு விளக்குகள் அட்டைப்பெட்டிகளில் காத்திருந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று அதிகாரிகள் வந்து பார்க்கப் போகிறார்கள். ஆறு பல்பும் எரிந்தால் அனுமதி. இல்லையென்றால் இல்லை.

ஆறும் எரியவில்லை என்பதுதான் பிரச்சினை. ரெண்டு மாசமாகப் பெரும்பாலும் இரண்டு எரிகிறது, சில நேரம் மூன்று. முந்தின நாள் மேனேஜர் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சத்தம் போட்டபோது, சண்முகசுந்தரத்துக்கு உதவியாக இருக்கிற அன்னம் முன்னால் வந்து, “நான்தானுங்க செஞ்சேன்” என்று சொல்லிப் பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து இந்த வளையத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஏன் செய்தாய் என்றதற்கு, கடுப்பு என்றாளாம். அவ்வளவுதான் பதில். கூடலூர் போயிருக்கும் மேனேஜர் ஆறு மணிக்கு வந்து அவளை வேலையைவிட்டு அனுப்புவார். அதுவரை கீழே எடைக் கொட்டகையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

“இன்னும் எங்கெங்க ஒளிச்சு வெச்சிருக்காளோ தெரியலைங்க,” என்றார் சண்முகசுந்தரம். “நாளைக்குள்ள அத்தனையும் எடுத்தாகணும். அன்னம் இப்படிச் செய்வான்னு நான் கனவுலயும் நினைக்கலை. வேலன் சம்சாரம்ங்க அவ.”

இசக்கியம்மா நிமிர்ந்தார். யானை அடித்துப் புருஷனைப் பறிகொடுத்தவள், அதே பாதைக்கு வருகிற வெளிச்சத்தைக் கெடுப்பாளா? காலையிலிருந்து இதை ஒருவரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைத் துப்பறிய வந்தவர்களிடம் சொல்லக் கூடாது என்று எங்கோ சட்டம் இருக்கிறது போல.

அவர் ஜன்னல் சட்டத்தில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். விரல் நுனி பழுப்பாயிற்று. கீழே சலிக்கிற தேயிலைத் தூசி பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து மாடி முழுக்கப் படிந்திருந்தது. சுருளின் மேல்கூட ஒரு படலம். வளையத்தில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ரெண்டு மாசமாக இங்கே கிடந்த கம்பி குளித்துவிட்டா வந்திருக்கும்? அது முந்தின நாள் வைத்தது.

அப்புறம் அந்த முடிச்சு. சுருளுக்குச் சுற்றுகிற செம்புக் கம்பிக்கு மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். அதைச் சுரண்டாமல் நுனிகளை முறுக்கினால் வளையம் பார்வைக்குத்தான் வளையம். கரண்ட் சுற்றி வராது. சுற்றி வராத வளையம் எதையும் தின்ன முடியாது.

“இருபத்தாறு வருஷத்துல வார்னிஷ் சுரண்டாத கரண்ட் திருடனை நான் பார்த்ததில்லை,” என்றார் இசக்கியம்மா. “இது அவ திருடலை சார். திருடின மாதிரி காட்டியிருக்கா.”

சண்முகசுந்தரம் மஃப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அப்படியென்றால் யார் தின்பது என்ற நியாயமான கேள்வியைக் கேட்டார். தினமும் மூன்று வேளை அவரே எழுதி வைத்த நோட்டை எடுத்து நீட்டினார். மாலை ஐந்துக்கு, இரவு ஒன்பதுக்கு, விடிகாலை ஐந்துக்கு என்று நேரம் தவறாத ஃபோர்மேன் கையெழுத்து. சகாயம் அதை வாங்கிச் சினிமா விமர்சனம் படிப்பதைப் போலப் படித்தான்.

“சாயங்காலம் நாலு பல்ப் அளவுக்குத் தின்னுருக்கான். ராத்திரி மூணு. விடிகாலையில ஒண்ணே ஒண்ணு, சும்மா கொறிச்சிருக்கான். மழை நாள்ல மட்டும் பசி ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை விரதம். ஏனுங்க மேடம், இப்படி நேரமாக ஆகக் களைச்சுப் போற திருடனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. இசக்கியம்மா நோட்டைப் பிடுங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். ஆரம்பத்தில் இரண்டு மாதம் எல்லா ரீடிங்கும் ஆறு. பிறகு ஒரு திங்கட்கிழமையிலிருந்து சரிவு. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

“அன்னம் வேலைக்குச் சேர்ந்தா. அதுவரைக்கும் நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வருவேன். மத்த நாள்ல மாடியில ஆளுங்க வேலை செய்வாங்க, தொந்தரவா இருக்கும். அவ வந்தப்புறம் தினமும் ஆரம்பிச்சோம். அவ ஞாயிறு லீவு.”

ஆக, அன்னம் இருந்தால் திருட்டு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நோட்டே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. இசக்கியம்மா சுருளை இப்போதே போட்டுக் காட்டச் சொன்னார். மணி நாலு. சண்முகசுந்தரம் தயங்கினார், எப்போதும் ஐந்து மணிக்குத்தான் போடுவாராம். அதற்கு முன்னால் கீழே இலையை உருட்டுகிற மெஷின்கள் ஓடுவதால் கரண்ட் ஏறி இறங்கும். இன்றைக்கு மெஷின்கள் சீக்கிரமே நின்றுவிட்டதை இசக்கியம்மா நினைவுபடுத்தினார்.

ஸ்விட்ச் விழுந்தது. சுருள் தேனீக்கூடு போல இரைந்தது. பலகையில் ஒன்று, இரண்டு என்று ஏறி, ஆறு பல்பும் பளிச்சென்று எரிந்தன.

சண்முகசுந்தரத்தின் கண் நிறைந்துவிட்டது. வளையத்தை எடுத்ததும் சரியாகிவிட்டது பாருங்கள், அன்னம் செய்த வேலைதான் என்று ஆரம்பித்தார். அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இசக்கியம்மா கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார். வார்னிஷ் சுரண்டாத வளையத்தை எடுத்தால் என்ன, வைத்தால் என்ன?

நாலரைக்குக் கீழே டிராக்டர் வந்து நின்றது. அன்றைக்குக் கடைசியாக எடை போட்ட இலை. காலை இலையும் மதிய இலையும் தூரத்துத் தொட்டிகளுக்குப் போய்விட்டன. கடைசி எடை இலை எப்போதும் பலகைச் சுவரை ஒட்டிய தொட்டிக்குத்தான் வரும். மழையில் ஊறிய கொழுந்து மூட்டைகளை இரண்டு பேர் மேலேற்றிச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டிப் பரப்பினார்கள். முதல் மூட்டை பரப்பியதும் கடைசி பல்ப் மங்கி அணைந்தது.

இரண்டு மூட்டை கழித்து இன்னொன்று.

சண்முகசுந்தரம் பெட்டியிடம் ஓடிக் குமிழைத் திருகினார். அதிர்வைச் சரிப்படுத்தினால் ஏறும் என்று முணுமுணுத்துக்கொண்டே திருகினார். நாலாவது பல்ப் ஒரு முறை இமைத்துவிட்டுப் போயிற்று. ஆட்கள் தொட்டியை நிரப்பிவிட்டுக் கீழே இறங்கியபோது பலகையில் இரண்டுதான் எரிந்துகொண்டிருந்தன.

“மேடம்,” என்றான் சகாயம் மெதுவாக, “திருடன் மூட்டை மூட்டையா வர்றான்.”

அதற்குப் பிறகு விளக்கம் சொல்ல அதிகம் இல்லை. சுருளைச் சுற்றி நிற்கிற உயர் அழுத்தத்துக்கு ஈரம் என்றால் கொள்ளைப் பிரியம். ஒரு டன் ஈர இலை பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பல்புக்குப் போக வேண்டியதை வாங்கி லேசாகச் சூடாகிக்கொள்கிறது, அவ்வளவுதான். காற்றடித்து இலை வாட வாட அதன் ஈரம் குறையும், பசியும் குறையும். அதனால்தான் விடிகாலையில் கொறிப்பு. மழை நாள் இலைக்கு ஈரம் அதிகம். சனிக்கிழமை இலை விடிந்ததும் உருட்டக் கீழே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இல்லை, தொட்டி காலி.

சண்முகசுந்தரம் தலையில் அடித்துக்கொண்டார். முப்பத்து மூன்று வருஷம் ஃபோர்மேன், பலகைக்குப் பின்னால் இலை இருப்பது உறைக்கவில்லை. பிறகு அவரே தேறி, இதில் என்ன, நாளைக்குத் தொட்டி காலிதானே, அப்புறம் சுருளைத் தொழிற்சாலைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால் முடிந்தது என்றார். அன்னத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். இசக்கியம்மாவுக்கும் அது சரியாகவே பட்டது. நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு நல்ல சேதியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

எடைக் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் காலி மூட்டைகளின் மேல் அன்னம் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாளை மடித்து மடியில் வைத்திருந்தாள். நீ ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்துவிட்டது, இலைதான் காரணம் என்று இசக்கியம்மா சொன்னார். அன்னத்தின் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார். வந்தது பயம்.

“சாருகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அவர் முன்னாலதான் கண்டுபிடிச்சோம்.”

அன்னம் கண்ணை மூடிக்கொண்டாள். தனக்கு இது ஒன்றரை மாதமாகத் தெரியும் என்றாள். பதினெட்டு வருஷம் அந்தத் தொட்டிகளில் இலை பரப்பியவள். மூட்டை ஏறினால் பல்ப் இறங்குவதை இரண்டாவது வாரமே பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

“சொல்லியிருந்தா சுருளை அப்பவே நகர்த்தியிருக்கலாமே,” என்றான் சகாயம்.

“எங்கீங்க நகர்த்தறது?” அன்னம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “பாதையில என்னங்க இருக்குது? ரெண்டு பக்கமும் இடுப்பளவுக்கு இலைதானுங்க. ஒரு கிலோமீட்டருக்கு. இங்க ஒரு தொட்டி இலைக்கே நாலு பல்ப் போவுது.”

இசக்கியம்மா கொட்டகை வாசலுக்கு வந்து பாதைப் பக்கம் பார்த்தார். கொட்டகைக் கூரையில் விழுகிற மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. பாதை முழுக்கத் திருடன். பறிக்காத, வாடாத, வருஷத்தில் எட்டு மாதம் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிற திருடன். இதைப் பார்க்காமல் தானும் சிரித்துக்கொண்டே படியிறங்கியதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்னம் நிரபராதி என்றால் இயந்திரம் குற்றவாளி. அதனால்தான் அவள் குற்றத்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்கு ஆறும் எரியுமுங்க,” என்றாள் அன்னம். “ஆபீசருங்க பார்த்துட்டு எழுதிக் குடுப்பாங்க. விளக்கு மரத்துல ஏறிரும். அதுக்கப்புறம் எரியலைன்னா லைன்ல அம்பது ஊட்டுக்காரங்களும் போயி சண்டை போடலாம். விளக்கே இல்லாத எடத்துல எதை வெச்சுங்க சண்டை போடறது? ஊடு இப்ப ஸ்ரீமதி பேர்ல இருக்குது. எம் பொண்ணு. இங்கதான் பறிக்கறா. என்னை அனுப்பிட்டாலும் அவ இருப்பா, அவளுக்கு வேணுமில்லீங்களா? நான் செஞ்சேன்னே எழுதிருங்க.”

இருபத்தாறு வருஷத்தில் இசக்கியம்மா ஒரு பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்குப் போடலாம் என்று தோன்றியது. இதை மறைக்க வேண்டியதில்லை: நிஜமாகவே தோன்றியது. ஒரு கையெழுத்து, ஒரு ஏழைப் பொம்பளை கேட்டுக்கொண்டபடி. சகாயம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். 

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று அவருக்குள் வந்தது. கேட்டார்.

“அன்னம், வேலன் போன அன்னைக்கு அவர் கையில டார்ச் இருந்துச்சா?”

அவள் மடியிலிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். ஓரங்களைச் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மடித்தாள்.

“இல்லீங்க,” என்றாள் கடைசியில். “ஆணியில தொங்குச்சுங்க. சோலார் லைட்டு வந்துருச்சே, இதெதுக்குன்னுட்டு போனாரு. அன்னைக்கு அது எரியலைங்க.”

அவளே எழுந்து சேலையில் ஒட்டிய சணல் தும்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அழவில்லை. தோற்றுப்போனவள் அழுவாள் என்று நினைப்பதெல்லாம் பார்க்கிறவர்களின் ஆசை.

“போயி சொல்லுங்க சாருகிட்ட,” என்றாள்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. இசக்கியம்மா மேலே போனபோது சண்முகசுந்தரம் ஜன்னலருகே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெயின் ஸ்விட்சை இறக்கியிருந்தார். ஆறு பல்பும் கறுப்பாக இருந்தன. மஃப்ளர் கழன்று தரையில் கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை போலும். நாளைக்கு வர வேண்டாம் என்று அதிகாரிகளுக்குத் தானே போன் செய்துவிடுவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆறு பல்ப் எரியக் காட்டுவது ஏமாற்று வேலை என்றார். பிறகு சின்னப்பிள்ளை கேட்பது போல, உலர்ந்த ஊராக இருந்தால் இது நன்றாக ஓடும், இல்லையா என்று கேட்டார். ஓடும் என்றார் இசக்கியம்மா. உலர்ந்த ஊரில் யானை ஏது, தேயிலை ஏது என்பதை இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

ரிப்போர்ட் நாலு வரியில் முடிந்தது. வளையம் சேராதது, தூசி இல்லாதது, இழப்புக்குக் காரணம் ஈர இலை, அன்னம் மேல் குற்றமில்லை. மேனேஜர் ஆறு மணிக்கு வந்து நின்றபடியே அதைப் படித்தார். அன்னம் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி தொட்டி வேலைக்கு வரலாம் என்றார். அட்டைப்பெட்டிகளை ஸ்டோரில் போடச் சொல்லிவிட்டுப் போனார். துப்பறியும் நிலையத்துக்கு அது முழு வெற்றி.

வெளியே வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பறிப்பு முடித்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாதை தொடங்கும் இடத்தில் கூடி நின்றார்கள். ஒருத்தி யானையை விரட்ட ஒரு தகரத்தைக் குச்சியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னம் ஸ்ரீமதியின் கையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் டார்ச். இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சகாயம் கேட்காமலே ஜீப்பை எடுத்துப் பாதையின் வாய்க்கு நேராக நிறுத்தினான். அதற்கு மேல் ஜீப் போகாது, ஆள் நடக்கிற அகலம்தான். ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினை ஓட விட்டான். பெண்கள் அந்த வெளிச்சத்துக்குள் நடந்தார்கள். தகரச் சத்தமும் அவர்களோடு போயிற்று.

“எவ்வளவு தூரம் அடிக்குது?” என்று கேட்டார் இசக்கியம்மா.

“பனியில நாற்பதடி இருக்கும் மேடம்.”

பெண்கள் நாற்பதடி வரைக்கும் தெரிந்தார்கள். அதற்குப் பிறகு தகரச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரும் ஜீப்பில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததால் கேட்கவில்லையா, தூரத்தினாலா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. சகாயம் விளக்கை அணைக்கவில்லை.